ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தும் மீட்டர்

சாமிக்கண்ணு என்ற லோடுமேன் ஒரு நாள் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான். அதற்காக நான் நாலு மாதம் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது 2009-ல், கடலூர் சிப்காட்டில். மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆலை. அதன் பெயர் இப்போது எதற்கு, விடுங்கள். நான் அங்கே பேனல் ஆபரேட்டர், மிஷின்களை ஓட்டும் சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் ரியாக்டருக்குள் ஹைட்ரஜன் போகும். ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கசிந்தால் சத்தமில்லாமல் கூரையடியில் போய்த் தங்கும். சேர்ந்துவிட்டால் ஒரு பொறி பட்டால் போதும், கட்டடம் இருக்காது. மனித மூக்குக்கு அகப்படாத சரக்கு என்பதால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார்கள்.

உள்ளங்கை அளவுதான் இருக்கும், மஞ்சள் நிறம். அதற்குள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு செல். அந்தச் செல்லுக்குள் கொஞ்சம் அமிலம், மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஹைட்ரஜன் வந்து பட்டால் செல்லுக்குள் தானாகவே கொஞ்சம் கரண்ட் பிறக்கும். ஹைட்ரஜன் ஜாஸ்தியானால் கரண்டும் ஜாஸ்தி, அந்தக் கணக்குதான் எண்ணாகத் திரையில் தெரியும். அளவு மீறினால் காது கிழியக் கத்தும்.

அதை விற்க வந்த சென்னைக்காரப் பையன் எங்களை எல்லாம் உட்காரவைத்து விளக்கிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னான். "சாராய ஆவி பட்டாலும் இந்த செல் கொஞ்சம் காட்டும் சார். பக்கத்துல ஸ்பிரிட்டை வெச்சுக்கிட்டு ஹைட்ரஜன்னு நெனச்சிக் கொழம்பிடாதீங்க."

பாவம், அவன் எச்சரிக்கையாகச் சொன்னான். எங்கள் சபாபதி சார் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார்.

சபாபதி சார்தான் எங்களுக்கு ஷிப்ட் இன்ஜினியர், சேப்டி ஆபீசர், எல்லாம். சிதம்பரத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் அவருக்கு ஒரு வியாதி. வாங்கி வந்த வெண்டைக்காயை வீட்டில் போய் ஒவ்வொன்றாக முனை ஒடித்துப் பார்ப்பவர். குடிக்கிறவர்கள் என்றால் ஆகவே ஆகாது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கன்னியக்கோயில், புதுச்சேரி எல்லை. அங்கே பாட்டில் மலிவு. கடலூரில் ஆள் வைத்து வேலை வாங்குகிற எவனுக்கும் அந்தப் பாலத்தின் மேல் ஒரு கண் இருக்கும். இவருக்கு இரண்டு கண்ணும் அங்கேதான்.

சாமிக்கண்ணு தள்ளாடிக்கொண்டு வந்த அன்றைக்கு, சார் அந்த மீட்டரை எடுத்து அவன் வாயருகே பிடித்து, "ஊதுடா" என்றார். ஊதினான். மீட்டர் ஊரைக் கூட்டியது. அப்போதே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆலையில் ஒரு புதுப் பழக்கம். ஷிப்டுக்கு வருகிறவன் எல்லாம் டைம் ஆபீஸ் நடைபாதையில் நின்று வருகைப் பதிவுக்கு விரலை வைத்துவிட்டு, சார் நீட்டுகிற மீட்டரில் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மீட்டரைப் போட்டால் அது விழிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் ஊதியாக வேண்டும். ஊதி முடித்ததும் பட்டென்று அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். செல் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். வெடிக்கிற வாயுவைக் கண்டுபிடிக்க வாங்கிய சாமானை வாய்நாற்றம் பார்க்க வைத்துக்கொண்ட ஆலை உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சிரித்துக்கொண்டே நானும் ஊதினேன். எனக்கென்ன பயம்? நான் குடிப்பதை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரேகா என் மனைவி, என் அத்தை மகள். எங்கள் வகையறாவில் பாதிப் பேர் என்னைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; பாதிப் பேர் இந்துக் கோயில்காரர்கள். அவள் அப்பா குடித்தே செத்தவர், அதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். நானும் ஒரு காலத்தில் குடித்தேன். ஒருமுறை தெருமுனையில் விழுந்து கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ஓமக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அமராவதி அத்தை வீட்டு வாசலில் நாய் மாதிரி உட்கார்ந்து கிடந்து அவளைக் கூட்டி வந்தேன். அப்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, இன்னொரு வாட்டி நீ தொட்டின்னா நான் போயிடுவேன். அப்பறம் எங்கம்மா வாசல்ல வந்து உக்கார்ற வேலையெல்லாம் வெச்சுக்காத."

ரேகா சொன்னால் சொன்னதுதான். எனக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்வேன். அவள் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாதா மேல் சத்தியமாக.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஷிப்டுக்குப் போனேன். வழக்கம்போல ஊதினேன். மீட்டர் கத்தியது.

நான் சிரித்தேன். "சார், மிஷினுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

சார் சிரிக்கவில்லை. மீட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, "இன்னொரு வாட்டி ஊது" என்றார். ஊதினேன். மறுபடியும் கத்தியது. என் முகத்தருகே வந்து மோந்து பார்த்தார். எனக்குக் காது மடல் எல்லாம் எரிந்தது.

"வாசன இல்ல. ஆனா மிஷின் பொய் சொல்லாது ஆரோக்கியம். இந்த வாட்டி விடுறேன், உள்ள போ."

மறுநாளிலிருந்து வாரம் பூரா ஊதினேன், கப்சிப். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கத்தல். அதற்கடுத்த ஞாயிறும் கத்தல். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு ஆலை ஓடாது. பேனலைப் பார்த்துக்கொள்ள ஒருத்தன், வாட்ச்மேன், சபாபதி சார், அவ்வளவுதான். எனக்குக் காலையில் பூசைக்குப் போக வேண்டும். என் ஜோடி ஆபரேட்டர் இளவரசு காடாம்புலியூர்க்காரன், அவனுக்கு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் முந்திரித் தோப்பில் வேலை. அதனால் காலை ஷிப்டை அவனும் மத்தியான ஷிப்டை நானும் நிரந்தரமாக மாற்றிக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் கேட்டோடு சரி. ஆக, ஞாயிறு மத்தியானம் அந்த நடைபாதையில் நின்று ஊதுகிற வாய் என் வாய் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் வேதக்காரன் என்றால் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். "கோயில்ல திராட்சரசம் குடுப்பாங்கள்ல, அதுவா இருக்கும்" என்று ஒருத்தன் எனக்காகப் பரிந்து பேசினான். "அத சாமியார் மட்டுந்தான்டா குடிப்பாரு, எங்களுக்கு அப்பந்தான்" என்று கத்தினேன். "ஞாயித்துக்கெழம கறிசோறு, கூட ஒரு கட்டிங் இல்லாம எறங்குமா" என்றான் இன்னொருத்தன். வாசனை வராதே என்று யாரோ கேட்டதற்கு, "வோட்காவுக்கு வாசன ஏதுடா, கில்லாடி அவன்" என்று பதில் வந்தது. வாசனை வந்திருந்தால் குடிகாரன் என்றிருப்பார்கள். வராததால் கில்லாடிக் குடிகாரன் ஆகிவிட்டேன். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்பது சும்மா இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார், ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று சபாபதி சாரிடம் சொன்னேன்.

"மிஷின் இங்க இருக்கறப்ப ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்றார்.

எனக்கு ஒரே ஒரு ஆள் மேல்தான் சந்தேகம் போனது. இளவரசு. அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தரைத்தான் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. ஞாயிறு காலையில் அவன்தான் இருக்கிறான், எனக்கு முன்னால் அந்த நடைபாதையில் அவன்தான் போய் வருகிறான். மீட்டர் பெட்டியில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துவிட்டுப் போகிறானோ? ஒரு ஞாயிறு சார் நடைபாதைக்கு வருவதற்கு முன்பே போய்ப் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதைப் பார்த்துவிட்ட வாட்ச்மேன், ஆரோக்கியராஜ் மீட்டரைக் கெடுக்கப் பார்த்தான் என்று போய்ச் சொல்லிவிட்டார். அதுவும் என் தலையில் விழுந்தது.

இளவரசு எப்போதும் போல, "மச்சான், பலாச்சொள எடுத்துக்க, வூட்டு மரத்துது" என்று டிபன் பாக்ஸை நீட்டினான். அதை வாங்கி வாயில் போட எனக்குப் பைத்தியமா? பழுத்து நொதித்துப்போன பலாவில் என்ன இருக்குமோ. வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடியதைப் பார்த்து, குட்டு வெளிப்பட்டுவிட்டது போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவனைச் சந்தேகப்பட்டு அலுத்துப்போய் என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். பழைய சோற்றில் புளிப்பு ஏறுகிறதே, அதில் சாராயம் இருக்குமோ? ஞாயிறு பழையதை நிறுத்தினேன். இருமல் டானிக்கை நிறுத்தினேன். முகம் மழித்துப் பூசுகிற தண்ணீரைக்கூட நிறுத்தினேன். அந்தக் காலத்தில் குடித்தது எல்லாம் ஈரலில் தேங்கி வாரம் ஒருமுறை மேலே வருகிறதோ என்றுகூட யோசித்தேன். ராத்திரியில் உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்த்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதைதான்.

இதெல்லாம் ரேகாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் மறைத்தேன். பயம்தான், வேறென்ன.

ரேகா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்டரிடம் நர்ஸ். எங்கள் கேன்டீனில் வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் முதுகுவலி ஊசி போட அங்கே போயிருக்கிறாள். ஊசியைக் குத்தும்போதே, "ஒன் வூட்டுக்காரரு மாசக்கணக்கா மாட்டிக்கினு இருக்காராமே, பாவம், நீ பேசிப் பாரும்மா" என்று பரிதாபப்பட்டிருக்கிறாள்.

அன்றைக்கு ரேகா சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"மிஷின் கத்துதாமே மாமா."

"அது கோளாறு மிஷின் ரேகா."

"மத்தவங்களுக்குக் கத்தலியாமே."

"மத்தவன் எவன் ஞாயித்துக்கெழம இருக்கான்?"

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாதிக்காரனின் கண்ணை இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் சட்டைகளைத் துவைக்கும்போது பையைத் துழாவினாள். வேலை முடிந்து வந்தால் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது.

கார்த்திகை பிறந்தது. சபாபதி சார் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வர ஆரம்பித்தார். சேப்டி ஆபீசர் வெறுங்காலோடு ஆலைக்குள் நடக்கிறார், கேட்க ஆளில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஆரோக்கியம், இனிமே என்னால மறைக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கெழம வூட்டம்மாவ அழைச்சிட்டு வா. அவங்க எதிர்லயே ஊது. கத்தலன்னா நான் ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். கத்துச்சுன்னா அத்தோட நின்னுக்க. பேனலுக்கு மத்தியானமும் இளவரசயே இருக்கச் சொல்லியிருக்கேன்."

இளவரசை இருக்கச் சொல்லியிருக்கிறாராம். அப்படியானால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று புரிந்தது. ரேகாவிடம் போய்ச் சொன்னேன். சரி என்றாள். ஞாயிறு காலையில் நான் பூசை முடிந்து வந்தபோது அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"ஒன் கம்பெனிக்கு. அங்கேருந்து எங்க போறதுன்னு ஒன் மிஷின் சொல்லட்டும்."

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த வழியெல்லாம் நான் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். வெளியே நல்ல மழை. ஆலையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு லைட், ஒரு ஃபேன் ஓடக் கூடாது என்பது சபாபதி சாரின் கட்டளை. அவரே போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிவிடுவார். நடைபாதை இருட்டிக் கிடந்தது. அதன் ஒரு பக்கம் டைம் ஆபீஸ், எதிர்ப்பக்கம் பேட்டரி ரூம். கரண்ட் போனால் பேனல் நிற்காமல் இருக்க வரிசையாகப் பெரிய பேட்டரிகள் அடுக்கிய ரூம் அது, கதவு பூட்டியிருக்கும். அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் மீட்டர் பெட்டி.

சபாபதி சார் நின்றுகொண்டிருந்தார். இளவரசு தலையைத் துவட்டிக்கொண்டே ஓரமாக நின்றான். வேடிக்கை பார்க்க வந்துவிட்டான் என்று எனக்குள் கொதித்தது.

"வாங்கம்மா" என்றார் சார், மரியாதையாகத்தான். "எனக்கும் இதுல சந்தோசம் இல்ல." மீட்டரை எடுத்து, பட்டனை அழுத்தி, என் வாயருகே நீட்டினார்.

மாதாவே என்று சொல்லி ஊதினேன்.

கத்தியது. என்றைக்கும் இல்லாத கத்தல்.

சார் பெருமூச்சு விட்டார், அணைத்தார். நான் ரேகாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவள் குரல்தான் கேட்டது. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

"எங்கிட்ட குடுங்க சார். நான் ஊதறேன்."

"நீங்க எதுக்கும்மா?"

"குடுங்க."

வாங்கினாள். பட்டனை எங்கே அழுத்துவது என்று கேட்டாள். அழுத்தி, வாயருகே வைத்து ஊதினாள்.

மீட்டர் கத்தியது.

அவசரமாக அணைத்தாள். ரேகா கையிலிருந்ததைத் தேள் மாதிரி பார்த்தாள். சார்தான் முதலில் தேறினார். "நீங்க நர்ஸு. கையில ஸ்பிரிட்டு இருக்கும்" என்றார்.

"ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவு சார்" என்றாள் ரேகா.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. அவள் கையிலிருந்து பிடுங்கி சபாபதி சார் வாய்க்கு நேராக நீட்டினேன். "நீங்க ஊதுங்க சார்."

"ஏய், நான் மாலை போட்டவன்."

"அதான் சார், மாலை போட்ட வாய். ஊதுங்க. நாலு மாசமா நான் ஊதறேன், ஒரே ஒரு வாட்டி நீங்க ஊதுனா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் ரேகா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீட்டரை வாங்கி, கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, சாமி சரணம் சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தி ஊதினார். மீட்டர் அவரையும் விடவில்லை. காலையில் குளித்துச் சரணம் சொல்லி வெறும் துளசித் தண்ணீர் குடித்துவிட்டு வந்த மனுஷர் அவர். முகம் செத்துப்போய்விட்டது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன்.

அதிர்ச்சியில் மீட்டரை அணைக்க மறந்து கையைத் தொங்கப்போட்டு நின்றார். அது கத்திக்கொண்டே இருந்தது.

"சார்" என்றான் இளவரசு ஓரத்திலிருந்து. "இப்ப யாருமே ஊதலியே."

நாலு பேரும் அதைப் பார்த்தோம். ஒருத்தரும் ஊதவில்லை. அது பாட்டுக்குக் கத்துகிறது.

இளவரசு வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கினான். கீழே பிடித்தான், எண் குறைந்தது. தலைக்கு மேலே தூக்கினான், ஏறியது. பேட்டரி ரூம் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் ஒன்று இருக்கிறது. கையை எட்டிப்பிடித்து அதன் பக்கம் கொண்டு போனான். எண்ணே தெரியவில்லை, அளவு தாண்டிவிட்டது என்று காட்டி அலறியது.

நான் பேனல்காரன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அதை வெளியே தள்ளத்தான் அந்த ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன். "ஃபேன் ஓடல" என்று கத்திக்கொண்டே சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

சபாபதி சார் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். உயிர் போகிற வலி.

"சுவிட்சத் தொடாதடா. பொறி பட்டா நாலு பேரும் கரி. வெளிய போங்க. எல்லாரும் வெளிய போங்க."

ரேகாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். சார் வெறுங்காலோடு சேற்றில் ஓடிப்போய், அடுத்த கட்டடத்தில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு வெளிப்பக்கமாகப் போய் பேட்டரி ரூம் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். நாலு மாதமாக அவரைத் திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். ஆனால் அன்றைக்கு அந்த அடி விழாமல் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இல்லை.

அப்புறம் எல்லாம் வெளிவந்தது. ஆவணியில் இடி விழுந்து பழைய சார்ஜர் போய்ப் புதியது வைத்தார்கள். அது தானாகவே வாரத்துக்கு ஒரு நாள் பேட்டரிகளுக்கு முழுமூச்சாகச் சார்ஜ் ஏற்றும். மற்ற நாளில் வேலை கெடுமே என்று, வைத்துவிட்டுப் போனவர்கள் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைக் குறித்துவிட்டார்கள். சபாபதி சாரோ ஞாயிற்றுக்கிழமை எல்லா ஃபேனையும் நிறுத்துகிறவர். மீட்டர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஹைட்ரஜன், ஹைட்ரஜன் என்று நாலு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. நாங்கள் அதை என் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சார் மழையில் நின்றபடி ரேகாவைக் கைகூப்பிக் கும்பிட்டார். "ஒங்க வூட்டுக்காரரு சொக்கத் தங்கம்மா. நான்தான் பாவி" என்றார். இளவரசு என் தோளில் கை வைத்து, "மச்சான், நீ எங்கிட்ட மொகம் குடுத்தே பேசல, நான் இன்னா தப்பு பண்ணேன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்குப் பேனலை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைத்தான்.

ஹைவேஸுக்கு வந்தோம். சிதம்பரம் போகிற பஸ் நிற்பது இந்தப் பக்கம். திருப்பாதிரிப்புலியூர் போக எதிர்ப்பக்கம் போக வேண்டும். ரேகா இந்தப் பக்கமே நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"பாத்தியா ரேகா. அம்மாம் பேரும் என்ன குடிகாரன்னாங்க. நீ ஒருத்திதான் என்ன நம்பி அந்த மிஷின வாங்கி ஊதுன. நீ ஊதலன்னா என் கத அவ்ளோதான்."

"ஒன்ன நம்பி ஊதல மாமா."

"அப்பறம்?"

"எனக்குக் கத்தாதுன்னுதான் நெனச்சேன். அது கத்தாம இருக்கறத ஒனக்குக் காட்டணும்னுதான் ஊதுனேன். அப்பதான் மிஷின் கோளாறுன்னு நீ இன்னொரு வாட்டி சொல்ல முடியாது. காட்டிட்டு இப்டியே பஸ் ஏறிடலாம்னு இருந்தேன்."

சபாபதி சார் நாலு மாதம் கொடுத்த அவமானம் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மூணு வருஷமா நீ குடிக்கல. இப்பத் தெரியுது. ஆனா இந்த மூணு வருஷமும், நீ குடிச்சிட்டு வரப்போற நாளுக்குத்தான் நான் காத்துக்கினு இருந்திருக்கேன். ஒனக்கு அது கத்துனப்ப எனக்கு அழுவ வரல மாமா. அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே காத்துக்கினு கெடக்க வேணாம்னு."

சிதம்பரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவினார்.

"நீ சொல்லு. போவட்டா?" என்று கேட்டாள். "இப்ப நீ போவச் சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்கு இருந்த கோபத்தில் போ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "நீ சந்தேகப்படு. நாளைக்கும் படு, சாவுற வரைக்கும் படு. நான் குடிக்க மாட்டேன். ஒன் சந்தேகத்துக்காக ஆரம்பிக்கவும் மாட்டேன், அது போவணும்னு காத்துக்கினும் இருக்க மாட்டேன். போறதும் இருக்கறதும் ஒன் இஷ்டம்."

"ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ் போனது. பையைத் தானே தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். நான் நகரவில்லை, சிதம்பரம் பக்கத்திலேயே நின்றேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"மாமா, வரியா இல்லியா?" என்று அங்கிருந்து கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

போனேன். போகாமல் எங்கே போவது? ஆனால் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தும், நான் பின்னால் போய்த் தனியாகத்தான் உட்கார்ந்தேன்.